12 லட்சத்துக்கு ஒரு பழைய பென்ஸ்: வாங்கலாமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். சிங்கப்பூரிலிருந்து திரும்பி நீடாமங்கலம் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறீர்கள். சென்னையில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2014 மாடல் பென்ஸ் ஈ 250 சிடிஐ டீசல் வண்டி நிற்கிறது. இரண்டாவது ஓனர், மீட்டரில் 68,000 கிலோமீட்டர், விலை 12 லட்சம். உங்கள் கையில் 13 லட்சம் இருக்கிறது. இந்த மாடல் நம்பகமானதா, நம் ஊர் ரோட்டுக்குத் தாங்குமா என்பது கேள்வி.

13 லட்சம்தான் மொத்தமும் என்றால் வேண்டாம், விட்டுவிடுங்கள். 15, 16 லட்சம் புரட்ட முடியும், அதில் மூன்று லட்சத்தை வண்டிக்கென்றே தொடாமல் வைக்க முடியும் என்றால் மேலே பேசலாம். அந்த வண்டி புதிதாக ஷோரூமில் நின்றபோது ஏறக்குறைய 45 லட்சம். இன்றைக்கு 12 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. ஆனால் அதன் ஹெட்லைட்டோ இன்ஜெக்டரோ கியர்பாக்ஸோ விலை இறங்கவில்லை. அவை இன்னமும் 45 லட்ச ரூபாய் வண்டியின் பாகங்கள்தான். யானை மலிவாகக் கிடைத்தது என்பதற்காகத் தீனியும் மலிவாகிவிடுமா என்ன.

நான் கும்பகோணத்தில் 20 வருஷத்துக்கு மேலாக ஒர்க் ஷாப் நடத்துகிறேன். தெரிந்தவர்களுக்காகப் பழைய வண்டி பார்த்துக்கொடுக்கப் போவது வழக்கம். பார்த்ததில் பாதிக்கு மேல் ‘வேண்டாம்’ என்று சொல்லித்தான் திரும்பியிருக்கிறேன். அதனால் கன்சல்டிங்காரர்கள் யாருக்கும் என்னைப் பிடிக்காது.

மாடல் நல்லதா என்ற கேள்விக்கு வருகிறேன். உங்கள் வண்டியில் இருப்பது ஓ.எம். 651 என்ற 2,143 சிசி இன்ஜின். அடிப்படையில் முரட்டு இன்ஜின், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடும். அதற்கு மூன்று நோவுகள் உண்டு. ஒன்று, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர். ஆரம்ப வருடங்களில் வந்த பீசோ வகை இன்ஜெக்டர்கள் தொல்லை கொடுத்து, பிறகு கம்பெனியே வேறு வகைக்கு மாறியது. இரண்டாவது, இன்ஜின் வால்வுகளை நேரம் தப்பாமல் திறந்து மூடவைக்கும் டைமிங் செயின். இந்த இன்ஜினில் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் தளர்ந்தால் பல நேரம் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்க வேண்டிவரும், கூலியே கண்ணைக் கட்டும். மூன்றாவது ஏழு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டிக்குள் இருக்கும் மின்னணுத் தட்டு. அதில் உள்ள வேக சென்சார் போனால் வண்டி ஒரே கியரில் மாட்டிக்கொண்டு ஊர்ந்து வரும்.

இதற்குப் பயந்து வேறு பக்கம் போனாலும் அங்கேயும் ஒன்று காத்திருக்கும். பி.எம்.டபிள்யூ 520டியில் பழைய என்47 இன்ஜின் என்றால் அதே பின்பக்கச் செயின் கதை, இதைவிட மோசமாக. பிறகு வந்த பி47 தேவலை. பழைய ஆடி டீசலில் ‘மல்டிட்ரானிக்’ கியர்பாக்ஸ் என்றால் நான் கிட்டேயே போக மாட்டேன். பழைய ஸ்கோடா சூப்பர்ப் பெட்ரோலில் உலர் கிளட்ச் வகை கியர்பாக்ஸ், நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் ஒத்துவராதது. டீசல் சூப்பர்ப்பில் எண்ணெயில் மூழ்கிய கிளட்ச், அது பரவாயில்லை. நிம்மதிதான் முக்கியம், முன்னால் நட்சத்திரம் வேண்டாம் என்றால் டொயோட்டா கேம்ரி ஹைபிரிட் பாருங்கள். பின்சீட் பக்கம் பேட்டரிக்குக் காற்று போகும் வழி தூசியில் அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் உங்களுக்கு நட்சத்திரம்தான் வேண்டும் என்று கேள்வியிலேயே தெரிகிறது. தப்பில்லை, கல்யாண வீட்டு வாசலில் கேம்ரியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பொதுப்பேச்சு. ஒரே நாளில் பிறந்த இரண்டு ஈ 250இல் ஒன்று இன்னமும் புதுசு போல ஓடும், இன்னொன்று காயலான் கடைக்குப் போயிருக்கும். நீங்கள் வாங்கப்போவது மாடலை அல்ல, அந்தச் சேஸிஸ் நம்பரை. அது எங்கே நின்றது, யாரிடம் இருந்தது என்பதில்தான் எல்லாமே.

2014 மாடல், சென்னை வண்டி என்றதுமே எனக்கு 2015 டிசம்பர்தான் ஞாபகம் வருகிறது. அடையாறு கரை தாண்டியபோது அடித்தளப் பார்க்கிங்கில் மூழ்கிய கார்களில் விலையுயர்ந்தவை ஏராளம். இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ், அதாவது சரிசெய்து கட்டுப்படியாகாது, என்று பணம் கொடுத்துவிட்டு வண்டியை ஏலம் விடும். எடுத்தவர் காயவைத்து, கார்ப்பெட் மாற்றி, வாசனை அடித்து வெளியூருக்குத் தள்ளுவார். அந்த வெளியூர் பெரும்பாலும் நம்மைப் போன்ற ஊர்தான். 2016இல் பாபநாசத்தில் ஒருவர் இப்படி ஒரு ஜெர்மன் செடானை ஒரு புரோக்கர் மூலம் வாங்கி, ஆறு மாதம் ராஜா மாதிரி ஓட்டினார். அப்புறம் ஒருநாள் வைப்பர் தானாக ஓடியது. அடுத்த வாரம் கண்ணாடி தானாக இறங்கியது. அடுத்த மாதம் வண்டி ஸ்டார்ட் ஆகவே இல்லை. சீட்டைக் கழற்றிப் பார்த்தால் ஒயர் இணைப்புகள் எல்லாம் பாசி பிடித்த செப்புக்குடம் மாதிரி பச்சை. தண்ணீரில் நின்ற சொகுசு காரின் வியாதி இதுதான், உடனே சாகாது. செம்பு உள்ளே மெதுவாக அரித்து, வாங்கியவர் கைக்கு வந்தபிறகுதான் படுக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் இதே கதை நடந்தது. ஆகவே உங்கள் வண்டிக்குத் தாண்டவேண்டிய கண்டம் இரண்டு. சர்வீஸ் ஹிஸ்டரியை ஓனர் மூலம் கேட்டு வாங்குங்கள். கம்பெனி சர்வீஸில் சேஸிஸ் நம்பரை வைத்து எடுத்துவிடுவார்கள். 2015 டிசம்பருக்கும் 2023 டிசம்பருக்கும் பிறகு என்ன நடந்தது என்று தேதி வாரியாகப் பாருங்கள். ஒழுங்காக வருஷம் தவறாமல் போன வண்டி அந்த மழைக்குப் பிறகு திடீரென்று காணாமல் போய், இரண்டு வருஷம் கழித்து வேறு ஊரில் வேறு பெயரில் தலைகாட்டினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நேரில் பார்க்கும்போது கார்ப்பெட்டை நம்பாதீர்கள், அது மாற்றக்கூடியது. சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுங்கள். கடைசி ஒரு முழம் வெளியே வரவே வராத இடம், சேறு கோடு போட்டிருந்தால் அங்கேதான் இருக்கும். பெல்ட்டின் அடியில் தைத்த துணிச்சீட்டில் தயாரித்த தேதியும் இருக்கும். வண்டி 2014, பெல்ட் 2016 என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். ஒன்று வெள்ளம், இல்லையென்றால் ஏர்பேக் வெடித்த விபத்து. சீட்டுக்கு அடியில் டார்ச் அடித்து சீட் நகரும் தண்டவாளத்தையும் போல்ட்டையும் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னிக் குழியின் மூலை, பக்கவாட்டுத் தட்டிக்குப் பின்னால் இருக்கும் பியூஸ் பெட்டி, கதவுப் படிக்குக் கீழே ஓடும் ஒயர்க் கட்டு, இங்கெல்லாம் வண்டல் ஒளிந்திருக்கும். காவிரிப் பக்கம் பிறந்த நமக்கு வண்டல் எப்படியிருக்கும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது அந்த 68,000. பத்து வருஷம் தாண்டிய டீசல் பென்ஸ் வருஷத்துக்கு ஆறாயிரம்தான் ஓடியது என்பதை நம்ப எனக்கு மனசு வரவில்லை. டீசல் செடானை யாரும் வீட்டில் அழகு பார்க்க வாங்குவதில்லை. மீட்டரைத் திருப்புவது இன்று லேப்டாப் வேலை, அரைமணி நேரம். ஆனால் திருப்புகிறவர்கள் பெரும்பாலும் டேஷ்போர்டில் தெரிவதை மட்டும்தான் மாற்றுவார்கள். இந்த வண்டிகள் ஓடிய தூரத்தை வேறு இடங்களிலும் எழுதிவைக்கும். பி.எம்.டபிள்யூவில் சாவிக்குள்ளேயே இருக்கும். பென்ஸில் சாவி போடும் மாட்யூலில், அதாவது அந்த மின்னணுப் பெட்டியில், இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது ஃபால்ட் கோடு, வண்டியின் கம்ப்யூட்டர் எழுதிவைக்கும் கோளாறுக் குறியீடு. ஏதாவது ஒரு கோளாறு பதிவாகும்போது அப்போது எத்தனை கிலோமீட்டர் என்பதும் சேர்ந்து பதிவாகும். ஒருமுறை திருவாரூர்க்காரர் ஒருவருக்காக ஸ்கேன் போட்டேன். மீட்டர் சொன்னது 71,000. ஏ.சி. மாட்யூலில் இருந்த ஒரு பழைய கோளாறு பதிவானது 1,12,000இல். விற்றவரிடம் காட்டினேன். “மெஷின் ரிப்பேரா இருக்கும் சார்” என்றார்.

பென்ஸ் ஸ்கேனர் வைத்திருக்கும் தனி மெக்கானிக் சென்னையில் நிறைய பேர் இருக்கிறார்கள். விற்பவர் சொல்லும் ஆளிடம் போகாதீர்கள். நீங்களே ஒருவரைத் தேடிப்பிடித்து, சில ஆயிரம் கொடுத்து முழு வண்டியையும் ஸ்கேன் செய்து அச்செடுத்து வாங்குங்கள். 12 லட்சம் போடுகிறவர்கள் இந்தச் சில ஆயிரத்துக்கு யோசிப்பதை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எனக்குப் புரிவதே இல்லை. கோளாறு ஒன்றுமே இல்லை, எல்லாம் சுத்தம் என்று வந்தாலும் சந்தோஷப்படாதீர்கள். ஃபால்ட் கோடுகளை அழித்தபின் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று, வண்டியில் செருகிப் படிக்கும் சாதாரண ஓ.பி.டி. கருவியிலேயே பார்க்கலாம். நான்கு கிலோமீட்டர் என்று காட்டினால், நீங்கள் வருவதற்காக இன்று காலைதான் துடைத்திருக்கிறார்கள்.

இன்ஜினைக் குளிர்ந்த நிலையில் கேட்பதுதான் அடுத்தது, இதை விட்டுக்கொடுக்காதீர்கள். “காலை ஏழு மணிக்கு வருகிறேன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம்” என்று முந்தின நாளே சொல்லுங்கள். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஸ்டார்ட் செய்ததும் முதல் இரண்டு மூன்று வினாடி, இன்ஜினின் பின்னால், முன்கண்ணாடிப் பக்கமிருந்து சங்கிலியைத் தகர டப்பாவில் போட்டு உலுக்கியது போல் சத்தம் வருகிறதா? வந்து உடனே நின்றாலும் அது செயின்தான். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் இன்ஜினைக் குளிரவைக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. மேல்மூடியைக் கழற்றி இன்ஜெக்டர் உட்காரும் இடத்தைப் பாருங்கள். சுற்றிலும் தார் ஊற்றியது போல் கருப்புப் படிவு இருந்தால் அடியில் வாஷர் கசிந்து பல நாளாகிறது. நாளாக ஆக இறுகிப்போய் இன்ஜெக்டரைக் கழற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

ஓட்டிப் பார்ப்பது குறைந்தது நாற்பது நிமிடம், கியர்பாக்ஸ் குளிர்ந்தும் சூடாகியும் எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய அவ்வளவு நேரம் வேண்டும். சிக்னலில் நிற்கப் போகும்போது கடைசிக் கியர் இறங்குகையில் யாரோ பின்னாலிருந்து இடித்தது போல் இருக்கிறதா, முன்னால் போகும் ‘டி’யிலிருந்து ரிவர்ஸ் ‘ஆர்’க்கு மாற்றியதும் ஒரு நொடி யோசிக்கிறதா, இவை இரண்டும் போதும். கியர் ஆயில் வாழ்நாள் முழுதும் மாற்றவேண்டாம் என்று யாராவது சொன்னால், யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். பி.எம்.டபிள்யூவுக்கு எட்டு கியர் பெட்டி செய்துகொடுக்கும் இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. ஏ.சி.யை மட்டும் நண்பகலில் சோதியுங்கள், காலை ஏழு மணிக்கு எல்லா ஏ.சி.யும் நல்ல ஏ.சி.தான். ஏர் சஸ்பென்ஷன் உள்ள எஸ் கிளாஸ் மாதிரி ஏதாவது பக்கம் மனசு போனால், ராத்திரி நிறுத்திய வண்டி காலையில் ஒரு மூலை அமுங்கி நிற்கிறதா என்று பாருங்கள். டயர், பிரேக், பெயின்ட் எல்லாம் எந்த மெக்கானிக்கும் பார்த்துச் சொல்லிவிடுவார்.

காகிதங்கள். எம்பரிவாகன் என்ற அரசாங்க ஆப்பில் ஓனர் எண்ணிக்கை, லோன் நிலுவை, இன்சூரன்ஸ் எல்லாம் தெரியும். வங்கிக் கடன் இருந்தால் கடன் நீக்கத்துக்கான படிவம் 35உம் வங்கியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) கைக்கு வராமல் பணம் முழுதும் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளையும் கேளுங்கள். அதில் நோ கிளெயிம் போனஸ், அதாவது கிளெயிம் போடாததற்கான தள்ளுபடி, 50 சதவீதம் என்றிருந்தால் அந்த ஓனர் தொடர்ந்து ஐந்து வருஷம் கிளெயிம் போடவில்லை. பூஜ்யம் என்றால் ஏன் என்று விசாரிக்கலாம். ஆனால் அந்தச் சலுகை ஆளோடு போவது, வண்டியோடு வராது. ஆகவே புது ஓனரின் முதல் வருஷம் பூஜ்யமாக இருப்பது சகஜம்தான்.

நம் பக்கத்தில் கூடுதலாக ஒன்று, பி.ஒய். நம்பர். காரைக்கால் பி.ஒய். 02, புதுச்சேரி 01. வரி குறைவு என்று அங்கே யாரோ ஒருவர் முகவரியில் பதிந்துவிட்டு மன்னார்குடியிலோ தஞ்சாவூரிலோ ஓட்டுகிற சொகுசு வண்டிகள் நிறைய. நீங்கள் தமிழ்நாட்டு முகவரிக்கு மாற்றப்போகும்போது என்.ஓ.சி., வரி என்று முழுக் கணக்கும் உங்கள் தலையில் விழும். டெல்லி நம்பர் வண்டியும் அப்படியே. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு எதிராக அங்கே 2015இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டதிலிருந்து தெற்கே வந்து குவிகின்றன. விலை மலிவு என்பதில் அந்த வரியைக் கூட்டிப் பாருங்கள், மலிவு காணாமல் போயிருக்கும்.

சரி, நம் ஊர் தாங்குமா? தஞ்சாவூர் நான்கு வழிச்சாலையில் வெண்ணெய் போல் போகும். தொல்லை ஆரம்பிப்பது அதிலிருந்து இறங்கி வாய்க்கால் கரை ரோட்டுக்குத் திரும்பும் இடத்தில். மதகு மேடும் ஊருக்கு நான்கு வேகத்தடையும் வயிற்றில் உரசும், தினமும் உரசினால் அடித்தகடு கிழியும். அதைவிட எனக்குப் பயம் வைக்கோல். அறுவடைக் காலத்தில் ரோட்டில் பரப்பிய வைக்கோல் மேல் ஏற்றிப் போகாதீர்கள். அடியில் சிக்கிச் சூடான புகைக்குழாயில் ஒட்டினால் வண்டியே தீப்பிடிக்கும். நின்று, யாரையாவது கொஞ்சம் ஒதுக்கச் சொல்லுங்கள். பென்ஸில் வந்தவர் கேட்டால் ஒதுக்கமாட்டேன் என்றா சொல்லப்போகிறார்கள்.

எலி இன்னொரு ஜென்ம விரோதி. வயலை அறுத்ததும் எலி கொட்டகைக்குக் குடிவரும், கொட்டகையில் வெதுவெதுப்பான இடம் உங்கள் இன்ஜின் மேல். அம்பாசடரில் எலி கடித்தால் ஒரு ஒயரை முறுக்கி டேப் சுற்றினோம். இதில் ஒயர்க் கட்டு மொத்தமாக மாற்றச் சொல்வார்கள். வாங்கப் போகும் வண்டியிலும் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள், புழுக்கையும் நெல் உமியும் இருந்தால் அது எங்கே வாழ்ந்தது என்று தெரிந்துவிடும். பாச்சை உருண்டை ஒரு வாரத்துக்கு மேல் வேலை செய்து நான் பார்த்ததில்லை. ராத்திரி பானட்டைத் திறந்து வைத்து ஒரு பல்பு எரியவிடுவது பரவாயில்லை, வண்டியைத் தினமும் எடுப்பது அதைவிட நல்லது.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் நின்ற வண்டி என்றால் உப்புக்காற்றில் அடிப்பாகம் அரித்திருக்கும், லிஃப்டில் ஏற்றாமல் வாங்கவே கூடாது. அங்கே கூலன்ட் குறைந்தால் போர் தண்ணீரை ஊற்றும் பழக்கமும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் உப்பு. மூடியைத் திறந்தால் துரு நிறத்தில் கலங்கலாகவோ வெள்ளையாகப் பொருக்குத் தட்டியோ இருக்கும். அந்த ரேடியேட்டருக்கும் வாட்டர் பம்புக்கும் ஆயுசு குறைவு.

ஐப்பசி அடைமழையில் ரோட்டில் முழங்கால் தண்ணீர் நின்றால் சுற்றிப் போங்கள். உள்ளே போய் இன்ஜின் நின்றுவிட்டால் மறுபடி சாவி போடாதீர்கள். போட்டால் தண்ணீரை இழுத்து கனெக்டிங் ராடு வளையும், சாதாரண இன்சூரன்ஸ் அதற்குப் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனிச் சேர்ப்பு எடுத்திருக்க வேண்டும், வயதான வண்டிக்கு அது எளிதில் கிடைப்பதில்லை.

நீங்கள் தினமும் எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்று எழுதவில்லை. வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு எட்டுக் கிலோமீட்டர் போய் வருவதுதான் வேலை என்றால் டீசலே வேண்டாம். டி.பி.எஃப். என்ற புகைக்கரி வடிகட்டி உள்ள வண்டி கரியை எரித்துத் தள்ள வாரம் ஒருமுறையாவது இருபது நிமிடம் நல்ல வேகத்தில் ஓட வேண்டும், இல்லையென்றால் அடைத்துக்கொள்ளும். மாதம் இரண்டு முறை திருச்சி, சென்னை போய் வருபவர் என்றால் இதே வண்டி பொருந்தும். ஓட்டம் எவ்வளவு என்று எழுதுங்கள். ஸ்கேன் போட்டபிறகு அந்த அறிக்கையையும் படமெடுத்து அனுப்புங்கள். பச்சை நிறத்தில் டிக் போட்ட முதல் பக்கம் எனக்கு வேண்டாம், கோளாறுகள் கிலோமீட்டரோடு பதிவாகியிருக்கும் பின்பக்கங்கள் வேண்டும்.